கச்சான் அடித்த மூன்று நாட்கள்

நான் பள்ளத்தூரில் பிறந்து காரைக்குடியில் வாழ்க்கைப்பட்டவள். பதினான்கு வயதில் கல்யாணம் ஆயிற்று. நான்காம் மாதமே என் கணவர் பர்மாவுக்குக் கப்பல் ஏறிவிட்டார். மூன்று வருஷம் கழித்து அவர் திரும்பி வந்த அன்று, வீட்டு நடுமுற்றமான வளவில் வரிசையாக நின்ற பெண்களில் அவர் கண் என்னைத் தாண்டிப் போய், பிறகுதான் திரும்பி வந்தது. நான் அதற்குள் ஒரு சாண் வளர்ந்திருந்தேன். அவரும் மீசை வைத்திருந்தார்.

வீடு நிறைய ஆட்கள். பகலில் புருஷனும் பெண்டாட்டியும் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசிவிட முடியாது. பெட்டியில் துணி எடுக்கிற சாக்கில் எங்கள் அறைக்குள் போனால் உண்டு. அப்படி ஒரு பிற்பகலில், நான் மடித்த வேட்டியையே மறுபடி மடித்துக்கொண்டிருக்க, அவர் எனக்கு ஒரு பூங்காவைப் பற்றிச் சொன்னார். அவர் வேலை பார்த்த ஊரில் பெரிய ஏரி ஒன்று உண்டாம். அதன் நடுவே சின்னத் தீவு. தீவு முழுக்கப் பூச்செடியும் புல்தரையும். ஞாயிற்றுக்கிழமை ஆனால் குடும்பம் குடும்பமாகப் படகேறிப் போய், துணிக்கூடாரம் அடித்து, சமைத்துச் சாப்பிட்டு, மறுநாள்தான் திரும்புவார்களாம்.

"நீக போயிருக்கீகளா?" என்று கேட்டேன்.

"கரையில நின்னு பாத்திருக்கேன். அங்க யாரைக் கூட்டிக்கிட்டுப் போறது?"

அந்தப் பதில் என்னை என்னமோ செய்தது. மூன்று வருஷமும் வளவில் விளக்கு ஏற்றும்போதெல்லாம் அவர் அங்கே சந்தோஷமாக இருக்கிறார் என்றே நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் மறுபடி கப்பலேற வேண்டிய பங்குனி மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. எனக்கு இன்னும் வயிற்றில் ஒன்றும் இல்லை. அதனால் என் மாமியார் ராமேசுவரத்துக்கு நேர்ந்துகொண்டார். முழங்கால் வலியால் அவரால் வர முடியாது. சின்னஞ்சிறுசுகள் இரண்டையும் தனியே அனுப்பவும் மனமில்லை. "ஆச்சி கூட வரட்டும்" என்று முடிவாயிற்று.

ஆச்சி என் கணவருக்கு உடன்பிறந்த அக்காள். எங்கள் வீடுகளில் அக்காளை ஆச்சி என்றுதான் அழைப்போம். அவர் அழைத்தபடியே நானும் அழைத்தேன். அவளுக்கு அப்போது இருபத்தெட்டு வயது இருக்கும். வலையபட்டியில் கட்டிக்கொடுத்து, ஆறே மாதத்தில் வெள்ளைச் சீலையோடு பிறந்த வீட்டுக்கே திரும்பியவள். அப்போது அவளுக்குப் பதினான்கு வயது. அன்று முதல் அந்த வீட்டை விட்டு அவள் எங்கும் தங்கியதில்லை. எல்லாருக்கும் முன் எழுந்துகொள்வாள். சாமான் அறைச் சாவி அவள் இடுப்பில் இருக்கும். வீட்டில் நல்ல காரியம் நடந்தால் பின்கட்டை விட்டு வெளியே வரமாட்டாள். யாரும் வராதே என்று சொன்னதில்லை. அவளாகவே வரமாட்டாள். எனக்கு அவளிடம் பயம். அரிசி களையும் சத்தத்தை வைத்தே நான் சரியாகக் களைகிறேனா இல்லையா என்று சொல்லிவிடுவாள். அவளும் வருகிறாள் என்றதும், உண்மையைச் சொன்னால், எனக்கு அழுகை வந்தது. அவரும் நானும் மட்டும் ரயிலில் போவதாக நான் மனசுக்குள் ஒரு பயணம் கட்டி வைத்திருந்தேன்.

எங்கள் ஊருக்கு அப்போது ரயில் வரவில்லை. மாசி பிறந்ததும் வில்வண்டியில் காளையார்கோயில் வழியாக மானாமதுரை போய் அங்கே ரயில் ஏறினோம். ஆச்சிக்கும் எனக்கும் அதுதான் முதல் ரயில். பாம்பன் பாலம் வந்தபோது இரண்டு பக்கமும் கடல். ஆச்சி கண்ணை இறுக மூடிக்கொண்டு சிவ சிவ என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் பக்கவாட்டில் பார்த்தேன். ஒரு கண் திறந்திருந்தது.

ராமேசுவரத்தில் மூன்று நாள். அக்கினி தீர்த்தம், கோயிலுக்குள் இருபத்திரண்டு கிணறு, அபிஷேகம் என்று நேர்த்திக்கடன் எல்லாம் நல்லபடியாக முடிந்தது. ஊர் திரும்ப வேண்டிய நாளுக்கு முந்தைய காலையில், எங்களவர்கள் கட்டிய சத்திரத்தில் ஆச்சி ஈரத் துணியை உதறிக்கொண்டிருந்தாள். அவர் வந்து தூணோரம் நின்றார். நின்று, தொண்டையைக் கனைத்து, மறுபடி கனைத்து, கடைசியில் கேட்டார்.

"ஆச்சி, பாம்பன்ல எறங்கி ஒரு தீவுக்குப் போயிட்டு வருவமா? படகு பேசியிருக்கேன். இன்னைக்கு ஒரு பொழுது தங்கிட்டு நாளை மத்தியானம் வந்துறலாம்."

"தீவுல என்ன கோயிலு?"

"கோயிலு ஒண்ணும் இல்லை."

"பெறகு என்னத்துக்கு?"

"சும்மாதான்."

எங்கள் வீட்டில் யாரும் சும்மா எங்கும் போனதில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டேன். இதோ முடிந்தது என்று நினைத்தேன். ஆச்சி துணியைக் கொடியில் போட்டு, நான்கு மூலையையும் இழுத்து விட்டாள்.

"அங்க நல்ல தண்ணி இருக்கா?"

"ஊத்து இருக்காம்."

"அப்ப போவம். அரிசி பருப்பு நான் எடுத்துக்கிறேன்."

பாம்பனில் படகு வைத்திருந்த சம்மாட்டி ஒரு முஸ்லிம் பெரியவர். அந்தப் பக்கத்தில் படகுச் சொந்தக்காரரைச் சம்மாட்டி என்பார்கள். தீவில் அவருடைய மைத்துனர் ஒரு தென்னந்தோப்பு குத்தகைக்கு வைத்திருந்தார். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை காய் வெட்ட ஆட்கள் போவார்கள். மற்ற நாளில் யாரும் இருக்கமாட்டார்கள். ஆச்சியைப் படகில் ஏற்றும்போது சம்மாட்டி கையைக் கொடுக்கவில்லை. துடுப்பைக் குறுக்கே நீட்டி, "இதைப் புடிச்சு ஏறிக்கிருங்க ஆச்சி" என்றார். ஆச்சி அதைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். அந்த மனுஷரின் மரியாதையை அவள் பின்னாளில் இரண்டு மூன்று தடவை சொல்லியிருக்கிறாள்.

வடக்குக் கடலைப் பெண்கடல் என்றும் தெற்குக் கடலை ஆண்கடல் என்றும் சொல்வார்களாம். நாங்கள் போனது ஆண்கடலில். அன்று அது குளத்துத் தண்ணீர் போலக் கிடந்தது. ஒன்றரை மணி நேரத்தில் கரை தட்டியது. கால் வைத்தால் சுடுகிற வெள்ளை மணல். அதற்கு மேல் தாழையும் முள்செடியும். நடுவில் தென்னை. முழுத் தீவையும் சுற்றி வர அரை நாழிகைக்குக் கொஞ்சம் கூட ஆகும். அவ்வளவுதான். பூச்செடி இல்லை, புல்தரை இல்லை. அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் நன்றாக இருக்கிறது என்று தலையசைத்தேன். நிஜமாகவே நன்றாகத்தான் இருந்தது.

சம்மாட்டி படகிலிருந்து பழைய பாய்ச்சீலை ஒன்றை இறக்கி, இரண்டு தென்னைகளுக்கு நடுவே கயிறு கட்டிக் கூடாரம் போட்டுக் கொடுத்தார். ஊற்று இருக்கும் இடத்தைக் காட்டினார். "நாளைக்கு மத்தியானம் லுகர் தொழுகை முடிச்சிட்டு வந்துறேன், இன்ஷா அல்லா" என்று சொல்லிவிட்டுப் போனார். படகின் பாய் சின்னதாகி, பிறகு கண்ணுக்குத் தெரியாமலே போனபோது, எங்கள் மூவரையும் தவிர அங்கே மனித வாடையே இல்லை என்பது எனக்கு உறைத்தது.

ஆச்சி மூன்று கல்லைக் கூட்டி உலை வைத்தாள். அவர் என்னைப் பார்த்து, "அந்தக் கோடி வரைக்கும் போயிட்டு வருவமா?" என்றார், அவள் காதில் விழும்படியே. நான் திகைத்துப்போய் ஆச்சியைப் பார்த்தேன். அவள் அடுப்பை ஊதிக்கொண்டே, "போயிட்டு வாங்களேன். இங்குட்டு நின்னு என்ன செய்யப் போறீக?" என்றாள்.

அப்படித்தான், கல்யாணமாகி நான்காவது வருஷத்தில், பட்டப் பகலில், வானத்தின் கீழே நானும் என் கணவரும் முதல் தடவையாகச் சேர்ந்து நடந்தோம். எதைப் பேசுவது என்று இருவருக்கும் தெரியவில்லை. அவர் ஒரு சங்கைக் குனிந்து எடுத்தார். உள்ளே நண்டு இருந்தது. போட்டுவிட்டார். தீவின் கோடிக்கு வந்ததும் தூரத்தில் பாலம் ஒரு கோடாகத் தெரிந்தது. அதன் மேல் கொஞ்சம் புகை நகர்ந்தது. "நாம வந்த ரயிலு" என்றேன். "அது அன்னைக்கி ரயிலு, இது இன்னைக்கி ரயிலு" என்றார். இதற்கு ஏன் அவ்வளவு சிரித்தோம் என்று இப்போது நினைத்தாலும் தெரியவில்லை. திரும்பி வரும்போது என் கையைப் பிடித்திருந்தார். கூடாரம் கண்ணில் படுகிற இடம் வரைக்கும் விடவில்லை.

மறுநாள் விடியும்போதே தென்னைகள் பேயாட்டம் ஆடின. கச்சான் எழும்பிவிட்டது. அது தென்மேற்கிலிருந்து வருகிற காற்று. மாசியில் அப்படி அடிப்பது வழக்கமே இல்லையாம். தெற்குப் பக்கம் கடல் நுரை நுரையாகப் பொங்கி வந்தது. மத்தியானம் ஆயிற்று. சம்மாட்டி வரவில்லை, வரவும் முடியாது என்று பார்த்தாலே தெரிந்தது. என் கணவர் கரைக்கும் கூடாரத்துக்குமாக நடந்தார். "என்னாலதான், என்னாலதான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

ஆச்சி அரிசிப் பையைத் திறந்து பார்த்தாள். "ஒரு வேளை சோறு, ஒரு வேளை கஞ்சின்னா நாலு நாளைக்கு வரும். தேங்கா கெடக்கு. தண்ணி கெடக்கு. என்னத்துக்குத் தம்பி இப்படி அல்லாடுற?" என்றாள். அப்புறம் சீலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, காற்று மறைவான வடக்கு ஓரத்துக்குக் குளிக்கப் போனாள்.

அந்தப் பக்கம் கடல் முழங்கால் ஆழம். அலை கிடையாது. தீர்த்தமாட வேண்டும், சங்கற்பம் செய்ய வேண்டும் என்று ஒன்றும் இல்லாத வெறும் தண்ணீர். ஆச்சி உட்கார்ந்து குளித்தாள். பிறகு மல்லாந்து படுத்துப் பார்த்தாள். வெகுநேரம் வரவில்லை. நான் தேடிப் போனபோது மாற்றுச் சீலை செடி மேல் கிடந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காற்று அதைத் தூக்கியது. ஒரு முள்ளில் மாட்டி, கிழிந்து, விடுபட்டு, எங்கள் இருவர் தலைக்கு மேலும் போய்த் தண்ணீரில் விழுந்தது. நான் கத்தினேன். அவர் ஓடிவந்து இடுப்பளவு தண்ணீர் வரை இறங்கினார். எட்டவில்லை. அது நனைந்து, கனத்து, மெதுவாக ஆழத்துக்குப் போய்விட்டது.

ஆச்சி கொண்டுவந்ததே இரண்டு சீலைதான். மற்றதெல்லாம் சத்திரத்துப் பெட்டியில். உடம்பில் இருந்ததோ சொட்டச் சொட்ட நனைந்த சீலை. அந்தக் காற்றில் அவளுக்குப் பல் கிட்டியது. அவரை விறகு பொறுக்கி வரும்படி அனுப்பிவிட்டு, நான் என் பெட்டியைத் திறந்தேன். என் மாற்றுச் சீலை ஒரு கண்டாங்கி. அரக்கில் மஞ்சள் கட்டம் போட்டது, கெட்டிக் கரை. அதை எடுத்து நீட்டினேன்.

ஆச்சி இரண்டடி பின்னால் போனாள். "வேண்டாத்தா."

"காய்ச்சல் வந்துரும் ஆச்சி."

"வந்தா வரட்டும். யாராச்சும் பாத்தா என்ன சொல்லுவாக?"

"இங்க யாரு இருக்கா ஆச்சி?"

அவள் நிஜமாகவே சுற்றிப் பார்த்தாள். தென்னை, மணல், கடல் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு கையை நீட்டினாள்.

கூடாரத்துக்குள் வெகுநேரம் ஆயிற்று. நான் வெளியே நின்றேன். அவள் வந்தபோது பின்கொசுவம் சரியாக, ஒரு மடிப்புக் குலையாமல் இருந்தது. பதினான்கு வருஷம் கழிந்தும் கை மறக்கவில்லை. நான் தினமும் பார்த்த முகந்தான். ஆனால் அவளுக்கு வயது இருபத்தெட்டுதான் என்பதை அன்றுதான் நான் கண்ணால் கண்டேன்.

அவர் விறகோடு வந்தார். நின்றார். அவர் விறகைக் கீழே வைத்து, ஒவ்வொரு குச்சியாக எடுத்து அடுக்கினார்.

"ஆச்சி, விறகு கொஞ்சம் ஈரமா இருக்கு. இது போதுமா?"

"போதும் தம்பி."

அவ்வளவுதான். பின்பு அவர் எழுந்து தோப்புக்குள் போனார். நான் கொஞ்ச நேரம் பொறுத்துப் போய்ப் பார்த்தேன். ஒரு மரத்தடியில் கடலைப் பார்த்து உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் மறைக்கவில்லை.

"வலையபட்டியிலருந்து வந்த அன்னைக்கி பட்டுச்சீலை எல்லாத்தையும் ஆச்சி எங்கிட்டதான் குடுத்தாக. பெட்டியில வச்சிரு தம்பின்னாக. எனக்கு ஒம்பது வயசு. விளையாடப் போற அவசரத்துல வாங்கி வச்சேன்."

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அன்று சாயங்காலத்துக்குள் ஆச்சியின் வெள்ளைச் சீலை காய்ந்துவிட்டது. கயிற்றில் கிடந்தது. அவள் அதை எடுக்கவில்லை. அடுத்த நாளும் எடுக்கவில்லை. அவரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை, நானும் திறக்கவில்லை. கண்டாங்கியோடு அவள் சமைத்தாள், குளித்தாள், என் தலையை வாரிவிட்டாள்.

காற்று நிற்கவே இல்லை. கடல் இரைச்சலில் பக்கத்தில் இருப்பவரிடமும் உரக்கத்தான் பேச வேண்டியிருந்தது. அதனாலோ என்னவோ ஆச்சியின் குரல் மாறிவிட்டது. வீட்டில் அவள் பேசினால் பாதிதான் காதில் விழும். இங்கே கூவினாள். அவர் தென்னை ஏறப் பார்த்து, ஓர் ஆள் உயரம் போய், நெஞ்சுத் தோல் உரிய வழுக்கிக் கீழே வந்தபோது, அவள் மணலில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "பர்மாவுக்குப் போய்க் கத்துக்கிட்டது இம்புட்டுத்தானா?" என்றாள். மணலில் குழி பறித்துச் சோழி பொறுக்கிப் பல்லாங்குழி ஆடினோம். ஆண்பிள்ளை ஆடுகிற ஆட்டமா என்று அவர் முதலில் கூச்சப்பட்டார். ஆச்சி அவரை நாலு ஆட்டத்தில் நாலிலும் ஜெயித்தாள். அவருக்கு ரோஷம் வந்து ஐந்தாவதும் ஆடித் தோற்றார்.

மூன்றாம் நாள் கஞ்சியில் தேங்காய்ப்பால் விட்டுக் கொடுத்தாள். குடித்துக்கொண்டிருக்கும்போது, யாரும் கேட்காமல் அவளாகவே சொன்னாள்.

"வலையபட்டியில இருந்த ஆறு மாசத்துல அவுக எங்கிட்டப் பேசினது கொஞ்சந்தான். நல்லாப் பேசுவாக. முகம் நல்லா ஞாபகம் இருக்கு. குரல் எப்படி இருந்துச்சுன்னுதான் எம்புட்டு யோசிச்சாலும் வரமாட்டேங்குது."

அவளுக்கு ஒரு புருஷன் இருந்தார் என்பதே வீட்டில் பேசப்படாத விஷயம். நான் கஞ்சியைக் கீழே வைத்துவிட்டேன். "குடியாத்தா, ஆறிப்போகும்" என்றாள்.

சற்றுக் கழித்து அவரைப் பார்த்து, "தம்பி, நான் இங்குட்டே இருந்துறட்டா? மாசத்துக்கு ஒரு தடவை அரிசி குடுத்துவிடு. போதும்" என்றாள். அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் அவரும் நிறுத்திக்கொண்டார்.

என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆச்சி வருகிறாளே என்று அழுதவள் நான். அந்தத் தீவில் இரண்டாம் நாளுக்குப் பிறகு, அவரோடு தனியே நடக்கப் போகும்போதுகூட, ஆச்சியையும் கூப்பிடலாமா என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. கூப்பிட்டும் இருக்கிறேன். மூன்று பேருமாகத்தான் கடைசி நாளில் தீவைச் சுற்றினோம். ஆச்சி முன்னால் போனாள். காற்று கண்டாங்கித் தலைப்பைப் பின்னால் பறக்கவிட்டது. அவள் அதை இழுத்துச் செருகவே இல்லை. அவர் மெதுவாக என்னிடம், "கப்பலேறினா இனிமே இதைத்தான் நெனச்சுக்கிட்டு இருப்பேன்" என்றார். என் நினைப்பும் அதுதான்.

ஐந்தாம் நாள் விடியும்போது காற்று நின்றிருந்தது. அந்த அமைதி காதை அடைத்தாற்போல் இருந்தது. நானும் அவரும் ஊற்றில் தண்ணீர் மொண்டுகொண்டு வந்தோம். கூடாரத்தின் முன்னால் ஆச்சி வெள்ளைச் சீலையில் நின்றிருந்தாள். கண்டாங்கி மடித்து என் பெட்டி மேல் இருந்தது. எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. நான் ஏன் என்று கேட்க வாயெடுத்தேன். அப்போதுதான் அவள் தோளுக்குப் பின்னால், கடலில், வெகுதூரத்தில் சம்மாட்டியின் படகுப் பாய் தெரிந்தது.

அந்தப் பெரியவர் கரையில் குதித்ததும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதுவிட்டார். "மூணு நாளா எனக்குச் சோறு எறங்கலை. புள்ளைகளைக் கொண்டுபோய்த் தீவுல விட்டுட்டீகளேன்னு பொண்டாட்டி ஏசுறா" என்றார். நாங்கள் அவர் கையால் சமைத்ததைச் சாப்பிடமாட்டோம் என்று நினைத்து வாழைப்பழமும் அவலும் வெல்லமும் கொண்டுவந்திருந்தார். ஆச்சி அவரை உட்காரச் சொல்லி, இருந்த கஞ்சியைச் சிரட்டையில் ஊற்றிக் கொடுத்தாள். கொட்டாங்கச்சியைத்தான் எங்கள் பக்கம் சிரட்டை என்போம். "மொதல்ல நீக சாப்பிடுங்க. எங்களுக்கு ஒரு குறையும் இல்லை" என்றாள். அவள் குரல் பழையபடி தாழ்ந்திருந்தது.

வீட்டில், ராமேசுவரத்தில் கூட்டம், அதனால் தாமதம் என்று சொன்னோம். பேசி வைத்துக்கொள்ளவில்லை. மூவருக்கும் அதே பொய்தான் வந்தது. பங்குனியில் அவர் கப்பலேறினார். சித்திரையில் எனக்கு மசக்கை தெரிந்தது. கார்த்திகையில் பெண் பிறந்தாள். சாமி குடுத்த பிள்ளை என்றார் மாமியார். ஆச்சி பிள்ளையைக் கையில் வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள். கண் மட்டும் கொஞ்சம் சிரித்தது.

அவர் கடிதங்கள் மாமியார் பெயருக்குத்தான் வரும். வளவில் உட்கார்ந்து எல்லாருக்கும் வாசித்துக் காட்ட வேண்டும். எனக்கென்று ஒரு வரி எழுத முடியாது. ஆனால் ஒவ்வொரு கடிதத்தின் கீழும் ஒரு வரி இருக்கும். "அங்கே காற்று எப்படி இருக்கிறது என்று ஆச்சியிடம் கேட்டு எழுதவும்."

"இவனுக்கு என்ன கிறுக்கா? காரைக்குடியில காத்து எப்படி இருக்கும்?" என்று மாமியார் கேட்பார்.

"ஒடம்புக்கு ஒத்துக்கிருதான்னு கேக்கிறான் ஆத்தா. நல்லாருக்குன்னு எழுதச் சொல்லுங்க" என்பாள் ஆச்சி. நான் தூணுக்குப் பின்னால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அந்த ஒரு வரிக்காக நாங்கள் இருவரும் தபால்காரன் வருகிற நாளை எண்ணிக்கொண்டிருப்போம்.

இருவரும் அதைப் பற்றித் தனியே பேசிக்கொண்டது மிகக் கொஞ்சம். மாவு இடிக்கும்போதோ, வற்றல் பரப்பும்போதோ, மொட்டை மாடியில் காற்று கொஞ்சம் பலமாக அடித்தால் அவள் கையை நிறுத்திவிட்டு நிற்பாள். நானும் நிற்பேன். பிறகு வேலையைப் பார்ப்போம்.

மகளுக்கு நான்கு வயது நடக்கும்போது அவர் வந்தார். அந்த மாசியிலேயே போய்விடலாம் என்று தீர்மானித்தோம். ஆச்சி ஒரு பையில் அரிசியைக்கூட அளந்து வைத்துவிட்டாள். ஆனால் தை கடைசியில் மாமியார் படுக்கையில் விழுந்தார். ஆச்சி பக்கத்தில் இல்லாமல் அவருக்கு ஒரு வாய் தண்ணீர் இறங்காது. "நீங்க ரெண்டு பேரும் பிள்ளையைக் கூட்டிக்கிட்டுப் போயிட்டு வாங்க" என்று ஆச்சி எவ்வளவோ சொன்னாள். நாங்கள் போகவில்லை. அடுத்த தடவை மூவருமாகப் போவோம் என்றார் அவர். அவர் பர்மா திரும்பிய வருஷமே மாமியார் காலமானார். அதற்கடுத்த இரண்டாம் வருஷம், ஒரு புரட்டாசியில், ஆச்சிக்கு வயிற்றில் வலி கண்டது. காரைக்குடி டாக்டரும் பார்த்தார், மதுரைக்கும் கொண்டுபோனோம். ஐப்பசி பாதியில் போய்விட்டாள். முப்பத்தைந்து முப்பத்தாறு வயதுதான். கடைசி வாரத்தில் என் மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து, தீவு என்றால் என்ன என்று அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். நாலு பக்கமும் தண்ணி, நடுவுல நாம, என்றாள்.

தந்தி கிடைத்து அவர் கப்பல் பிடித்து வருவதற்குள் எல்லாக் காரியமும் முடிந்திருந்தது. அதன்பின் அவர் பர்மா போகவில்லை. வருஷத் திதிக்கு நாங்கள் இருவரும் ராமேசுவரம் போனோம். அதற்குள் எங்கள் ஊருக்கே ரயில் வந்திருந்தது. திதி முடிந்து திரும்பும் வழியில் பாம்பனில் வண்டி நின்றபோது அவர் எழுந்து வாசலுக்குப் போனார். சம்மாட்டி இல்லை, இறந்துவிட்டார் என்றும், அவருடைய மருமகன் படகு ஓட்டுகிறார் என்றும் விசாரித்துக்கொண்டு வந்தார்.

"எறங்குவமா? கடல் அமைதியாத்தான் இருக்காம்" என்று என்னைக் கேட்டார்.

நான் வேண்டாம் என்றேன். வெயிலாக இருக்கிறது, மகள் ஊரில் காத்துக்கொண்டிருப்பாள் என்று ஏதேதோ காரணம் சொன்னேன். ஆச்சி இல்லாமல் அந்த மணலில் கால் வைக்க எனக்குத் துணிவில்லை. அதைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர் வற்புறுத்தவில்லை. எனக்கு எதிரே உட்கார்ந்தார். வண்டி கிளம்பிப் பாலத்தின் மேல் போகும்போது இருவரும் வெளியே பார்க்கவே இல்லை.

அவரும் போய்ப் பல வருஷம் ஆகிறது. அன்று இறங்கியிருக்கலாம் என்று இப்போது தினமும் தோன்றுகிறது. அந்தத் தென்னைகளுக்கு நடுவே உட்கார்ந்து, ஆச்சியைப் பற்றி வாய்விட்டுப் பேசியிருக்கலாம். அவள் எப்படிச் சிரித்தாள், என்ன சொன்னாள் என்று அவருக்கு நினைவிருந்ததெல்லாம் கேட்டு வாங்கியிருக்கலாம். எனக்கு மறந்துபோனது அவருக்கு நினைவிருந்திருக்கும். இனிக் கேட்க ஆள் இல்லை.